எல்லாப் படத்துக்கும் “படம் 1, படம் 2” என்று போட்டேன், ஏன் திரும்பி வந்தது?

கேள்வி: வணக்கம் சார். சேலம் ஐந்து ரோடு பக்கம் சின்னதாக ஒரு டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், ஆய்வேடு எல்லாம் டைப்பிங், செட்டிங், பைண்டிங் வரை செய்து கொடுக்கிறோம். இப்போது ஏற்காடு காபித் தோட்டங்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்று கையில் இருக்கிறது. தமிழில்தான். ஆய்வாளரின் கைடு பார்வையற்றவர். கம்ப்யூட்டர் வாசிக்கக் கேட்டுத்தான் திருத்துவார். “படங்களில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை, ஆல்ட் டெக்ஸ்ட் போட்டு வாங்கி வாருங்கள்” என்று திருப்பி அனுப்பினார். ஆல்ட் டெக்ஸ்ட் என்றால், படத்தைப் பார்க்க முடியாதவருக்காக அதைப் பற்றிக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கிற குறிப்பாம். நானும் தேடிப் பார்த்து, எல்லாப் படத்துக்கும் “படம் 1”, “படம் 2” என்று வரிசையாகப் போட்டேன். வேர்டில் செக் கொடுத்தால் அது ஒன்றும் விட்டுப்போனதாகச் சொல்லவில்லை. ஆனாலும் மறுபடி திரும்பி வந்துவிட்டது. சில படங்கள் இருப்பதே தெரியவில்லை என்கிறார். பதினொரு படங்கள் உள்ள மூன்றாம் இயலை இணைத்திருக்கிறேன். கேள்விப்படிவத்தின் ஸ்கேன் ஒன்றும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டிய அட்டவணைகள் இரண்டும் அதில் உண்டு. அதில் மழையளவைக் காட்டும் கம்பிப்படம் (பார் சார்ட்)தான் முக்கியம். மார்ச், ஏப்ரல் கம்பிகள் குட்டையாக இருக்கின்றன, காபி பூப்பதே அந்த மழையை நம்பித்தான், அதனால்தான் தோட்டத்துக்கு ஸ்பிரிங்க்ளர் வேண்டியிருக்கிறது என்று ஆய்வாளர் வாதாடுகிறார். இதற்கெல்லாம் நான் என்ன எழுதுவது? அப்புறம், இந்த வேலைக்குத் தனி ரேட் போடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கோப்பை இணைத்து அனுப்பியது நல்லதாயிற்று. நானும் அந்தக் கைடைப் போலக் காதால் படிக்கிறவன்தான். கல்லூரிகளும் அலுவலகங்களும் தயாரிக்கிற கோப்புகள் எங்களைப் போன்றவர்கள் படிக்கத் தோதாக இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாவிட்டால் சரிசெய்து கொடுப்பது என் தொழில். அதனால் உங்கள் மூன்றாம் இயலை அவர் எப்படிக் கேட்டிருப்பாரோ அப்படியே போட்டுக் கேட்டேன்.

திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டுகிற ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் வாசித்துக்கொண்டே போனது. “கீழுள்ள படம் இதனைத் தெளிவாக்குகிறது” என்றது. அடுத்து, “கிராபிக், படம் 4”. அடுத்து, “மேற்கண்ட படத்திலிருந்து அறியலாவது யாதெனில்” என்று நேராக முடிவுக்குப் போய்விட்டது. படம் எதைத் தெளிவாக்கியது, அந்த முடிவு சரியா என்று சரிபார்க்க எனக்கு வழியே இல்லை. இன்னோர் இடத்தில் “படம் 6-இல் காண்க” என்று வந்தது. ஆனால் ஆறாம் படம் வரவே இல்லை. கிராபிக் என்ற சொல்லும் இல்லை, படத்தின் தலைப்பும் இல்லை. பதினொன்றில் என் காதில் விழுந்தவை ஆறுதான்.

ஆக, உங்கள் கோப்பில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. படத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்பது ஒன்று. படம் பக்கத்தில் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பது இன்னொன்று. முதலாவது ஆய்வாளர் செய்ய வேண்டிய வேலை, இரண்டாவதுதான் உங்களுடையது. இதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள், பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

கோப்பு எல்லோரும் படிக்கத் தோதாக இருக்கிறதா என்று சோதிக்கிற வேர்டின் “செக் ஆக்ஸசிபிலிட்டி”யை நம்பி ஏமாந்ததில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. ஆல்ட் டெக்ஸ்ட் பெட்டி காலியாக இருக்கிறதா, நிரம்பியிருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். “படம் 1” என்றாலும் சரி, “அ” என்று ஒற்றை எழுத்துப் போட்டாலும் சரி, அதற்குத் திருப்திதான். எழுதியதில் பொருள் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. படம் வரியோடு சேர்ந்து நிற்கவில்லை என்று அது சொல்லக்கூடும். உங்கள் வேர்டில் அந்த வரி கீழே எங்காவது கிடக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பலர் மேலே இருக்கிற பிழையை மட்டும் தீர்த்துவிட்டு மூடிவிடுவார்கள்.

என்ன எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். வேடிக்கை என்னவென்றால், அதற்கான பதிலை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். மார்ச், ஏப்ரல் கம்பிகள் குட்டையாக இருக்கின்றன, காபி பூப்பது அந்த மழையை நம்பித்தான் என்றீர்களே, அதைப் படித்த பிறகுதான் நான்காம் படம் அந்த இயலில் ஏன் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அதையே கொஞ்சம் சீராக்கிப் பெட்டியில் போட வேண்டியதுதான்:

“மாதவாரி மழையளவைக் காட்டும் கம்பிப்படம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கம்பிகள் உயரமாக உள்ளன. காபி பூக்கும் பருவமான மார்ச், ஏப்ரல் கம்பிகள் அவற்றைவிட மிகக் குட்டை. மாதவாரி அளவுகள் அடுத்துள்ள அட்டவணையில்.”

கம்பிகள் நீல நிறம், பின்னணி வெள்ளை, வலது மூலையில் ஒரு மேகப் படம் என்றெல்லாம் எழுதத் தேவையில்லை. ஆல்ட் டெக்ஸ்ட் என்றதும் பலர் கண்ணில் பட்டதையெல்லாம் ஒப்பிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் ஆய்வாளர்களிடம் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: இந்தப் படத்தை எடுத்துவிட்டால் இந்தப் பக்கத்தில் எது குறையும்? எது குறையுமோ அதை எழுதினால் போதும்.

அதே கம்பிப்படத்தை ஆய்வாளர் சுற்றுலாவைப் பற்றிய இயலிலும் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே மார்ச், ஏப்ரலுக்கு வேலை இல்லை. கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கிற மே மாதக் கம்பி எவ்வளவு உயரம், கூட்டம் ஏறுகிற மாதமும் மழை ஏறுகிற மாதமும் ஒன்றா வேறா என்பதுதான் அங்கே கேள்வி. படம் ஒன்றுதான், ஆனால் ஆல்ட் டெக்ஸ்ட் வேறு. காப்பி பேஸ்ட் செய்கிறபோது வேர்ட் பழைய ஆல்ட் டெக்ஸ்டையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு வந்துவிடும், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

படத்தின் கீழே போடுகிற தலைப்பையே ஆல்ட் டெக்ஸ்டிலும் திருப்பிப் போடாதீர்கள். தலைப்பை எல்லோரும் படிக்கிறார்கள், நாங்களும் படிக்கிறோம். “படம் 3.4: ஏற்காட்டின் மாதவாரி மழையளவு” என்பதை அடுத்தடுத்து இரண்டு தடவை கேட்பதால் யாருக்கும் லாபம் இல்லை. தலைப்பு படத்துக்குப் பெயர் வைக்கிறது. அந்தப் படம் என்ன காட்டுகிறது என்பதை ஆல்ட் டெக்ஸ்ட் சொல்ல வேண்டும். அதேபோல், “இந்தப் படத்தில்” என்று தொடங்க வேண்டாம். கிராபிக் என்று ஸ்கிரீன் ரீடரே முதலில் சொல்லிவிடும். வரைபடமா, புகைப்படமா, ஸ்கேன் செய்த கடிதமா என்பது முக்கியம் என்றால் அதைச் சொல்லலாம்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 125 எழுத்துக்குள் எழுத வேண்டும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் அணுகத்தக்கதாக்குவதற்கு உலகம் முழுக்கப் பின்பற்றப்படுகிற டபிள்யூ.சி.ஏ.ஜி. வழிகாட்டி அப்படி எந்தக் கணக்கும் வைக்கவில்லை. ஆனால் சுருக்கமாக எழுதுவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. பத்தியில் ஒரு சொல் புரியாவிட்டால் அம்புக்குறியைத் தட்டிச் சொல் சொல்லாக, எழுத்து எழுத்தாகப் பின்னால் போய்க் கேட்பேன். ஆல்ட் டெக்ஸ்டில் அப்படி எளிதில் நிறுத்தி நிறுத்திப் போக முடியாது. ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அதனால் இரண்டு மூன்று வாக்கியத்தில் அடங்குவதை அங்கே போடுங்கள், எண்களும் விவரங்களும் அட்டவணையாகவோ பத்தியாகவோ வெளியே வரட்டும். கைடுக்கு மட்டுமில்லை, கம்பிப்படத்தைக் கண்ணால் அளந்து பார்க்கிற வைவா தேர்வாளருக்கும் அந்த அட்டவணை உதவும்.

வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்ட மேப் என்றதும் எல்லையின் வளைவு நெளிவுகளைச் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும். காபி மூட்டை சந்தைக்கு எப்படி இறங்குகிறது என்று பேசுகிற இடத்தில் அது வந்திருப்பதாக உங்கள் கோப்பிலிருந்து தெரிகிறது. அப்படியானால், “சேலம் மாவட்ட வரைபடம். ஏற்காடு சேலம் நகருக்கு வடகிழக்கே மலைமேல் உள்ளது. மலையேற இரண்டு சாலைகள்: அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது ஒன்று, குப்பனூர் வழியாக மற்றொன்று” என்றால் வேலை முடிந்தது. தோட்டங்கள் எந்தப் பக்கம் அடர்த்தி என்று காட்டுவதற்காகப் போட்ட மேப் என்றால் சாலையை விட்டுவிட்டு அதைச் சொல்ல வேண்டும். இதை முடிவு செய்ய வேண்டியவர் ஆய்வாளர்தான்.

புகைப்படங்களில் மூன்று ரகம் உண்டு. சில்வர் ஓக் நிழலில் காபிச் செடி, மரத்தில் ஏறிய மிளகுக் கொடி என்று காட்டுகிற படம் பாடத்தோடு ஒட்டியது. எந்த மரம், அதில் எது ஏறியிருக்கிறது, கீழே என்ன செடி என்று எழுத வேண்டும். ஆய்வாளர் தோட்ட முதலாளியோடு கைகுலுக்குகிற படம் இன்னொரு ரகம். அது இல்லாத ஆய்வேட்டை நான் இதுவரை கேட்டதில்லை! களப்பணியின்போது யார் யாரோடு எங்கே என்று ஒரு வரி போதும், சட்டையின் நிறம் வேண்டாம். மூன்றாவது, அட்டைப் பக்கத்துப் பூக்கோலம், மூலை அலங்காரம், இயல் முடிவில் போடுகிற நட்சத்திரக் கோடு. இவற்றுக்கு ஒன்றுமே எழுதக்கூடாது. புது வேர்டில் ஆல்ட் டெக்ஸ்ட் பெட்டிக்குக் கீழே “மார்க் ஆஸ் டெகரேட்டிவ்” என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் டிக் போட்டுவிட்டால் ஸ்கிரீன் ரீடர் அதைப் பேச்சுக்கு எடுக்காமல் தாண்டிவிடும். கல்லூரிச் சின்னம் மட்டும் அலங்காரம் ஆகாது. அதற்குக் கல்லூரியின் பெயரையும் “சின்னம்” என்ற சொல்லையும் போட்டால் போதும். கோபுரம், தாமரை, சூரியன் என்று வர்ணிக்க வேண்டியதில்லை.

ஸ்கேன்கள்தான் உண்மையில் தலைவலி. உங்கள் இயலில் கேள்விப்படிவத்தின் ஸ்கேன் ஒன்று, புள்ளிவிவர மென்பொருளிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டிய அட்டவணைகள் இரண்டு என்று கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பார்க்கிறவருக்கு அது எழுத்து, எண். எனக்கு அது வெறும் கிராபிக். இதற்கு ஆல்ட் டெக்ஸ்ட் மருந்து இல்லை. ஒரு பக்கக் கேள்விப்படிவத்தையோ முப்பது எண்ணையோ அந்தப் பெட்டிக்குள் திணித்தால் கேட்கிறவர் பாடு திண்டாட்டம். டைப் செய்யுங்கள். அட்டவணையை வேர்டின் இன்சர்ட் டேபிளிலேயே போடுங்கள், முதல் வரிசைக்கு “ரிப்பீட் ஹெடர் ரோஸ்” கொடுங்கள், கட்டங்களை மெர்ஜ் செய்யாதீர்கள். அப்போதுதான் நான் நடுவில் ஒரு எண்ணில் நின்றால் அது எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று எனக்குக் கேட்கும். கேள்விப்படிவம் நீளமாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றிக் கூகுள் டாக்ஸில் திறந்து பாருங்கள், தமிழ் அச்செழுத்தை ஓரளவு நன்றாகவே எழுத்தாக்கித் தரும். பிழை திருத்துவதோடு வேலை முடியும்.

இங்கே டி.டி.பி.காரர்களிடம் கேட்டே ஆக வேண்டிய ஒன்று: ஆய்வேட்டை பாமினி என்கிற பழைய தமிழ் ஃபான்டில் அடிக்கவில்லையே? உங்கள் மூன்றாம் இயல், தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கம்ப்யூட்டரில் பதிகிற யூனிகோடில் இருக்கிறது, அதனால்தான் என்னால் கேட்க முடிந்தது. ஆனால் ஆல்ட் டெக்ஸ்ட் அடிக்கும்போது மட்டும் பழைய கீபோர்டுக்கு மாறிவிடாதீர்கள். அந்தப் பெட்டியில் ஃபான்ட் மாற்ற வசதி கிடையாது. பாமினியில் “தமிழ்” என்று அடித்தால் உள்ளே போய் உட்காருவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஆங்கில எழுத்துகள். பக்கத்தில் பாமினி ஃபான்ட் அதைத் தமிழாகக் காட்டி உங்களை ஏமாற்றும். ஸ்கிரீன் ரீடருக்கு அந்த மயக்கம் இல்லை, உள்ளே இருப்பதை அப்படியே உளறும். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆனாலும் சென்டர்களில் பழைய ஃபான்ட் இன்னும் போகவில்லை. விரல் பழக்கத்தை மாற்ற வேண்டாம் என்றால் என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருளில் பாமினி கீபோர்டை வைத்துக்கொண்டே யூனிகோடில் அடிக்கலாம்.

சரி, உங்கள் பங்குக்கு வருவோம். காணாமல் போன அந்த ஐந்து படங்கள் எங்கே?

அவை இருக்கின்றன, ஆனால் மிதக்கின்றன. படத்தை வைத்துவிட்டு ராப் டெக்ஸ்டில் ஸ்கொயர், டைட், இன் ஃப்ரண்ட் ஆஃப் டெக்ஸ்ட் என்று கொடுத்து மவுஸால் இழுத்து அழகாக நிறுத்தியிருக்கிறீர்கள். செட்டிங் செய்கிறவர் கை பழகியதே அப்படித்தான். ஆனால் அப்படி வைத்த படம் வாக்கிய வரிசையில் ஓர் இடமாக நிற்பதில்லை. தொடர்ந்து கேட்டுக்கொண்டே போகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். தலைப்பும் காணாமல் போனதற்குக் காரணம் உண்டு. மிதக்கிற படத்துக்கு இன்சர்ட் கேப்ஷன் கொடுத்தால் வேர்ட் அந்தத் தலைப்பைத் தனி டெக்ஸ்ட் பாக்ஸில் போட்டுவிடும், அதுவும் சேர்ந்து மிதக்கும்.

வழி எளிது. படத்தைத் தேர்ந்து பிக்சர் ஃபார்மேட், ராப் டெக்ஸ்ட், “இன் லைன் வித் டெக்ஸ்ட்” கொடுங்கள். எந்தப் பத்தி அதைப் பற்றிப் பேசுகிறதோ அதற்கு அடுத்த வரியில் தனியாக வைத்து சென்டர் செய்யுங்கள். பழைய தலைப்புப் பெட்டியை நீக்கிவிட்டு கேப்ஷனை மறுபடி இன்சர்ட் செய்யுங்கள், இந்தத் தடவை அது சாதாரணப் பத்தியாக வரும். இன்லைன் கொடுத்ததும் படம் ஒரு மெல்லிய கீற்றாக வெட்டுப்பட்டுத் தெரிந்தால் பதற வேண்டாம். அந்தப் பத்தியின் லைன் ஸ்பேசிங் “எக்ஸாக்ட்லி”யில் இருக்கும், சிங்கிளாக மாற்றினால் முழுப்படமும் தெரியும். இரண்டு படத்தைப் பக்கம் பக்கமாக வைக்க வேண்டும் என்றால் இரண்டையும் இன்லைனாகவே ஒரே வரியில் ஒன்றையடுத்து ஒன்றாக வைக்கலாம். இனி வருகிற வேலைகளுக்கு ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் போய் படங்களை எப்படி ஒட்டுவது என்ற இடத்தில் இன் லைன் என்று வைத்துவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றுகிற பாடு மிச்சம்.

ஆறாம் படம் கொஞ்சம் வேறு. காபிப் பழம் பறிப்பதிலிருந்து பருப்பு ஆகிறவரை கட்டங்களும் அம்புகளுமாக வேர்டிலேயே வரைந்த ஃப்ளோ சார்ட். அதில் ஒவ்வொரு கட்டமும் ஒரு தனிப் பொருள், ஒவ்வொரு அம்பும் ஒரு தனிப் பொருள். தனித்தனியாகப் போய்த் தேடிப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த வரிசை: களத்தில் காயவைத்தல், பறித்தல், கழுவுதல், தோல் நீக்குதல். நீங்கள் எந்த வரிசையில் வரைந்தீர்களோ அந்த வரிசையாக இருக்கலாம், செய்முறையின் வரிசை அதுவல்ல. இதில் நான் சொல்வது: எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்து குரூப் செய்யுங்கள். கட் செய்து பேஸ்ட் ஸ்பெஷலில் ஒரே படமாக ஒட்டுங்கள். இன்லைன் கொடுங்கள். அதற்குக் கீழே படிநிலைகளை எண் போட்ட பட்டியலாக எழுதிவிடுங்கள்: பழுத்ததைப் பறித்தல், பல்பரில் தோல் நீக்குதல், ஊறவைத்துப் பசை போகச் செய்தல், கழுவுதல், களத்தில் காயவைத்தல், மேலோடு நீக்குதல். ஆல்ட் டெக்ஸ்டில் “காபிப் பழம் பருப்பாகும் ஆறு படிகளின் வரைபடம், படிகள் கீழே பட்டியலில்” என்று போட்டால் போதும்.

ஆல்ட் டெக்ஸ்ட் பெட்டி எங்கே என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஆய்வாளரின் வீட்டு கம்ப்யூட்டரில் பழைய வேர்ட் இருந்தால் இடம் மாறும். 2007-இல் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து சைஸ் போனால் அதற்குள் ஆல்ட் டெக்ஸ்ட் டேப். 2010-இல் ஃபார்மேட் பிக்சருக்குள் இருக்கும். டைட்டில், டிஸ்கிரிப்ஷன் என்று இரண்டு பெட்டி வந்தால் டிஸ்கிரிப்ஷனில்தான் எழுத வேண்டும்.

வேர்டே தானாக ஆல்ட் டெக்ஸ்ட் எழுதித் தருகிறதே, ஏ.ஐ. இருக்கிறதே என்று ஆய்வாளர் கேட்பார். “மரம், வானம், வெளிப்புறம்” என்கிற பாணியில் வருவதை நான் தினமும் கேட்கிறேன். இப்போதைய ஏ.ஐ. அதைவிட நன்றாகவே வர்ணிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மார்ச், ஏப்ரல் கம்பியை வைத்து ஸ்பிரிங்க்ளர் வாதம் நடக்கிறது என்று அதற்கு யார் சொன்னது? எண்களையும் சில நேரம் கம்பியைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடும். ஆய்வேட்டில் அது ஆபத்து. வரைவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆய்வாளர் ஒவ்வொன்றையும் படித்துத் திருத்தாமல் விடக்கூடாது.

பி.டி.எஃப். ஆக்குகிற கட்டத்தில் செய்ததெல்லாம் வீணாகிற இடம் ஒன்று இருக்கிறது. பிரிண்ட் கொடுத்து, பிரிண்டர் பட்டியலில் பி.டி.எஃப். என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்கிற பழக்கம் சென்டர்களில் அதிகம். அந்த வழியில் போனால் பக்கம் அச்சு அசலாக வரும், ஆனால் ஆல்ட் டெக்ஸ்டும் தலைப்பு அமைப்பும் போய்விடும். சேவ் ஆஸ் கொடுத்து பி.டி.எஃப். தேர்ந்து, ஆப்ஷன்ஸுக்குள் “டாகுமென்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ் ஃபார் ஆக்ஸசிபிலிட்டி”யில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். முனைவர் பட்ட ஆய்வேடு என்பதால் நாளை இது இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவிலும் ஏறும், அங்கே அதைத் திறக்கிற பார்வையற்ற மாணவருக்கும் இந்த டிக்தான் வழி. கைடுக்கு வேர்ட் கோப்பையே அனுப்புங்கள். திருத்துகிறவருக்கு அதுதான் வசதி, டி.ஓ.சி. என்ற பழைய வடிவில் வேண்டாம், டி.ஓ.சி.எக்ஸ். ஆக இருக்கட்டும்.

அனுப்புவதற்கு முன் நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். என்.வி.டி.ஏ. ஓர் இலவச ஸ்கிரீன் ரீடர், தமிழ்க் குரலும் அதிலேயே இருக்கிறது. நிறுவிவிட்டுக் கோப்பைத் திறந்து, கன்ட்ரோலும் ஹோமும் அழுத்தி மேலே போய், இன்சர்ட் கீயை அழுத்திக்கொண்டே கீழ் அம்புக்குறியைத் தட்டினால் வாசிக்கத் தொடங்கும். நிறுத்த கன்ட்ரோல். படம் படமாகத் தாவ வேண்டும் என்றால் இன்சர்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்திவிட்டு ஜி-யைத் தட்டிக்கொண்டே போகலாம். மானிட்டரை அணைத்துவிட்டுக் கேட்பது நல்லது, திறந்திருந்தால் கண் தானாக விட்ட இடத்தை நிரப்பிக்கொள்ளும். முதலில் குரல் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும், கொஞ்ச நேரத்தில் காது பழகிவிடும்.

ரேட் விஷயம். தாராளமாகப் போடலாம். படங்களை இன்லைன் ஆக்குவது, ஃப்ளோ சார்ட்டை மாற்றுவது, அட்டவணை டைப் செய்வது எல்லாம் செட்டிங் வேலை. அதற்கு வழக்கமான கணக்கில் ஆய்வாளரிடம் வாங்குங்கள். ஆனால் ஆல்ட் டெக்ஸ்டின் வாசகத்தை நீங்கள் எழுதி அதற்குக் காசு வாங்காதீர்கள். அது ஆய்வேட்டின் ஒரு பகுதி, ஆய்வாளர் எழுத வேண்டியது. ஒரு தாளில் படத்தின் எண்ணும் பக்கத்தில் காலி இடமுமாக ஒரு பட்டியல் அச்சடித்து பார்ட்டி கையில் கொடுத்துவிடுங்கள், “இந்தப் படம் இல்லாவிட்டால் என்ன குறையும்?” என்று மேலே ஒரு வரி போட்டு. எழுதி வந்ததும் நீங்கள் டைப் செய்து பெட்டியில் போடலாம். அடுத்த ஆய்வேட்டுக்கு இந்தத் தாளை முதல் நாளிலேயே கொடுத்துவிடுங்கள், முடிகிற நேரத்தில் அவசரப்பட வேண்டியிருக்காது.

பார்ட்டி, “ஒரு ஆளுக்காக இத்தனையா?” என்று முனகினால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதன் 42-ஆம் பிரிவில் மின்னணு வடிவில் உள்ளவையும் எல்லோரும் அணுகத்தக்கதாக இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சொல்வதை எடுத்துச் சொல்லலாம். அதைவிட, கையெழுத்துப் போட வேண்டியவரே அந்த ஒரு ஆள்தான் என்று சொன்னால் சீக்கிரம் புரியும்.

அந்தக் கேள்விப்படிவ ஸ்கேனை மட்டும் இன்றே டைப்பிங்குக்குக் கொடுத்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட அதற்குத்தான் நேரம் பிடிக்கும், ஆய்வாளர் ஆல்ட் டெக்ஸ்ட் எழுதிக்கொண்டு வருவதற்குள் அது முடிந்துவிடும்.